கடலில்லாத ஊரில் பாய் கட்டிய ரைட்டர்

ரைட்டர் கிருபாகரன் தன் வாழ்நாளில் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டவரல்ல. வைகைக்குத் தெற்கே இருந்த அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் குமாஸ்தாவாகப் பதினைந்து வருஷ சர்வீஸ். சர்க்காரிலிருந்தும் சீமையிலிருந்தும் கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்ப வேண்டிய பாரங்கள் வந்துகொண்டே இருக்கும். எத்தனை ஜன்னல், எத்தனை கிணறு, எத்தனை பையன்களுக்குச் சொறி சிரங்கு என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் கிருபாகரனுக்குக் கை அரிக்கும். 'தெரியாது' என்று எழுதுவதும் அவரைப் பொறுத்தவரை காலியாக விடுவதில்தான் சேர்த்தி. முப்பத்தோராம் வருஷத்து சென்சஸுக்குக் கோரிப்பாளையத்தில் தன் தெருவை எழுதப் போனவர், வயது தெரியாது என்று சொன்ன பதினேழு பேருக்குத் தாமே வயது கொடுத்துவிட்டு வந்தார். அதில் ஒரே வீட்டு அண்ணன் தம்பியில் தம்பி மூன்று வயது மூத்தவராகிவிட்டார். சர்க்கார் கணக்கில் இன்றைக்கும் அவர் மூத்தவர்தான்.

இதை அவருடைய பலம் என்று வைத்துக்கொண்டால், பலவீனம் தண்ணீர். குளிப்பது செம்புத் தண்ணீரில். கோரிப்பாளையத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக வைகைப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். பாலத்தின் ஓரத்தில் நடக்கவே மாட்டார். மாட்டு வண்டிக்காரர்கள் எவ்வளவு திட்டினாலும் நட்ட நடுவில்தான் நடப்பார். இத்தனைக்கும் வருஷத்தில் பத்து மாதம் பாலத்துக்குக் கீழே மணல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவர் கையில்தான், 1934 ஜூலை இருபத்து நான்காம் தேதி, அந்தப் பாரம் வந்து சேர்ந்தது. இளைஞர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் எங்கெங்கே நடக்கின்றனவோ அங்கெல்லாம் உதவி செய்து வளர்த்துவிடுவதென்று கடல் கடந்த சங்கம் ஒன்று முடிவு செய்திருந்தது. தென்ஜில்லாப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாரத்தை அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். எந்த ஊரில் கடல் இருக்கிறது, எந்த ஊரில் கருவேலங்காடு இருக்கிறது என்று பார்த்து அனுப்ப அவர்களுக்கு ஏது நேரம்.

நான்கு கட்டங்கள். பயிற்சி உண்டா? கிருபாகரன் 'உண்டு' என்று எழுதினார். 'இல்லை' என்று எழுதியிருந்தால் மற்ற மூன்றும் காலியாகிப் போகுமே, அதை நினைத்துத்தான். எத்தனை பையன்கள்? அன்று தேதி இருபத்து நான்கு. ஆகவே இருபத்து நான்கு. படகுகள்? 'போதுமானவை'. பயிற்சியாளர் பெயர்? அவருக்கு அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அதை அழகான கையெழுத்தில் எழுதினார். ஹெட்மாஸ்டர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்ப்பதற்குத்தானே ரைட்டர் இருக்கிறார் என்பது அவர் நினைப்பு.

அக்டோபரில் ரயில் பார்சலில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கித்தான் பாய், கயிறுகள், பாய்மரம் ஓட்டுவது எப்படி என்று ஒரு தடித்த இங்கிலீஷ் புஸ்தகம், ஒரு கடிதம். சங்கத்தின் கேப்டன் வெல்பி என்பவர் ஜனவரியில் நேரில் வந்து பயிற்சியைப் பார்வையிடுவார் என்று கடிதம் சொன்னது.

ஹெட்மாஸ்டர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "நம்ம பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு காரியம் நடக்குதா? எனக்கே தெரியாமலா?"

"சனிக்கிழமைகளில் நடக்குது ஐயா" என்றார் கிருபாகரன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. ஒரு கட்டத்தை நிரப்பியவனால் அடுத்ததை நிரப்பாமல் இருக்க முடியாது.

ஹெட்மாஸ்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, ரைட்டரின் தோளைத் தட்டி ஒரு வார்த்தையும் சொன்னார்: "போன வருஷம் வருகைப் பதிவில் பொய் எழுதின வாத்தியாரை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா? பொய் எழுதினவன் இந்தப் படியை மிதிக்கக் கூடாது. உங்களை மாதிரி ஆள் இருக்கிறதாலேதான் நான் நிம்மதியாத் தூங்குறேன்." அன்று ராத்திரி ஹெட்மாஸ்டர் தூங்கியிருப்பார். ரைட்டர் தூங்கவில்லை.

அவர் மனைவி ஆனிமேரி பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். புருஷனின் கட்ட வியாதியை நன்றாக அறிந்தவள். சங்கதியைக் கேட்டுவிட்டு அடுப்பிலிருந்து திரும்பாமலே விசாரித்தாள்.

"ஏங்க, கடலைப் பாத்திருக்கீங்களா?"

"படத்துல."

"படகு?"

"அதே படத்துல."

"நீச்சல்?"

ஆனிமேரி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து அவர் முன்னால் 'ணங்' என்று வைத்தாள். "இன்னைக்கு இதுல இருந்து ஆரம்பிங்க. எட்டிப் பாத்துப் பழகுங்க" என்றாள்.

வேலை போனால் அடுத்த மாதம் வீட்டு வாடகைக்கு வழியில்லை. அதைவிட, கோரிப்பாளையம் சந்திப்பில் 'பொய் எழுதி வேலை போன ரைட்டர்' என்று கடைக்காரர்கள் கை காட்டுவார்களே, அதுதான் அவருக்குப் பெரிய பயம். ஜனவரிக்குள் எழுதின பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும். வேறு வழியே இல்லை.

இருபத்து நான்கு பையன்களைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. போர்டிங் பையன்களில் மூத்தவனான மைக்கேல்ராஜிடம் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் ஒருவர் திருட்டுத்தனத்தில் மாட்டிக்கொண்டு நம்மிடம் உதவி கேட்கிறார் என்றால் பையன்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? அரை மணி நேரத்தில் இருபத்து நான்கு பேரும் சத்தியம் செய்துவிட்டார்கள். ஒருவன்கூடக் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

தண்ணீர்தான் கஷ்டம். தெப்பக்குளத்துப் பக்கம் போய் நின்றதுமே காவல்காரர் கம்பை எடுத்துவிட்டார். கடைசியில் திண்டுக்கல் ரோட்டில் பரவை சந்தைக்கு வருகிற ஒரு மாட்டு வியாபாரி சொல்ல, பரவை தாண்டி மேற்கே ஒரு பெரிய கண்மாய்க்குப் போனார். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து அலையடித்துக்கொண்டிருந்தது. ஊர்த் தலைவரான அம்பலம் காசிமாயன் கரையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லாமல் அந்தக் கண்மாயில் யாரும் கால் நனைக்க முடியாது. கிருபாகரன் தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளியே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"பாயைக் கட்டி எங்க போகப் போறீக?" என்றார் காசிமாயன்.

"அந்தக் கரைக்கு."

"அந்தக் கரையில என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்லை. மறுபடியும் இந்தக் கரைக்கு வரணும்."

காசிமாயன் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா மாப்ள? இதுக்கு அம்புட்டுத் தொலைவுல இருந்து துணி மூட்டை வந்திருக்காம்." சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது. மனுஷனை இவ்வளவு சிரிக்க வைத்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை போலிருக்கிறது. சரி என்றார். இரண்டே நிபந்தனை. வருகிற பையன்கள் வாரா வாரம் கரை முழுக்க நடந்து, நண்டு வளையும் எலி வளையும் கண்டால் மண் வைத்து அடைக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் படகில் ஏறக் கேட்டால் மறுக்கக் கூடாது.

முதல் சனிக்கிழமை படகு இல்லை. வெள்ளக் காலத்தில் ஊரார் கண்மாயைக் கடக்கப் பயன்படுத்துவது கரும்புச் சாறு காய்ச்சும் கொப்பரை. அதையே வாங்கி, நடுவில் மைக்கேல்ராஜ் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாயைக் கட்டினார்கள். காற்று பட்டதும் கொப்பரை நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. கரையில் நின்று புஸ்தகத்தைப் பார்த்து "இடது! இடது!" என்று கத்தினார் கிருபாகரன். சுற்றுகிற கொப்பரைக்கு இடது எது, வலது எது? மைக்கேல்ராஜ் கரைக்கு வந்து வாந்தி எடுத்தான்.

கரை மேல் நின்ற ஒரு பெண் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காசிமாயனின் மகள் பாண்டியம்மாள். பன்னிரண்டு பதின்மூன்று வயசு இருக்கும். "காத்து மேக்க இருந்து வருது. நீங்க பாயை அதுக்கு மூஞ்சியைக் காட்டி நிப்பாட்டுனா சுத்தாம என்ன செய்யும்? சாய்ச்சுப் பிடிங்க" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரைட்டர்.

"களத்துல நெல்லுத் தூத்துறது ஆரு? காத்துப் பாக்கத் தெரியாமத் தூத்துனா பதரு அம்புட்டும் நம்ம தலையிலதான்."

கிருபாகரன் புஸ்தகத்தைப் புரட்டினார். நாற்பதாம் பக்கத்தில் அவள் சொன்னதேதான் படத்தோடு போட்டிருந்தது. நாற்பதாம் பக்கம் வரை போக அவருக்கு இன்னும் மூன்று சனிக்கிழமை ஆகியிருக்கும். அன்றைக்கே பாண்டியம்மாளைச் சேர்த்துக்கொண்டார். அவள் பின்னாலேயே ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். பாரத்தில் 'பையன்கள்' என்றுதான் போட்டிருந்தது என்பது அவருக்கு உறுத்தியது. ஆனால் அவர் இருந்த நிலையில் அது சின்னப் பொய்.

ஊரில் வண்டி செய்கிற தச்சர் ஒருவர் இரண்டு வாரத்தில் தட்டையான அடியோடு ஒரு படகு செய்து கொடுத்தார். அவர் படகைப் பார்த்தவரில்லை. ஆகவே முன்பக்கத்தில் நுகத்தடி மாட்ட இடம் விட்டு, வண்டிக்காரன் உட்காரப் பலகையும் அடித்திருந்தார். கீல் பூசித் தண்ணீரில் விட்டதும் மிதந்தது. பாண்டியம்மாள் சுக்கானைப் பிடித்தாள், மைக்கேல்ராஜ் பாய்க்கயிற்றைப் பிடித்தான். படகு அந்தக் கரைக்குப் போயிற்று. ஒரு சோலியும் இல்லாமல் திரும்பி இந்தக் கரைக்கு வந்தது.

அன்றைக்குக் கிருபாகரனுக்கு அழுகை வந்துவிட்டது. பொய் பாதி பிழைத்துவிட்டதே என்பதற்காக இல்லை. அவ்வளவு அழகாக ஒன்று நகர்ந்து அவர் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாலே அவருக்கு இருப்புக் கொள்ளாது. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் பையன்களை எழுப்பி ஐந்து மைல் நடத்திக் கூட்டிப் போவார். தகரத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக்கொண்டு கரை மேல் நின்று புஸ்தகத்தைப் படிப்பார். மார்கழிக்குள் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் மாற்றி ஓட்டப் பழகிவிட்டார்கள். ரைட்டர் மட்டும் ஒரு நாளும் படகில் கால் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பயிற்சியாளர் கரையில்தான் நிற்க வேண்டும் என்று புஸ்தகத்திலேயே இருக்கிறது என்பார். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில் கேப்டன் வரவில்லை. கொழும்பில் காய்ச்சலில் படுத்துவிட்டார். மார்ச் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை வருவதாகத் தந்தி வந்தது. அதற்குள் மாசி பிறந்து, வயலுக்குத் தண்ணீர் திறந்து திறந்து கண்மாய் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அந்த ஆழத்தில் தச்சரின் தட்டைப் படகு ஓடும். அதற்குக் குறைந்தால் ஓடாது. கிருபாகரன் ஓடிப் போய்க் காசிமாயனிடம் சொன்னார்.

காசிமாயன் தலையைச் சொறிந்தார். "ரைட்டரய்யா, அன்னைக்குத்தானே கண்மாய் அழிப்பு."

கண்மாய் அழிப்பு என்றால் மீன்பிடிப்பு. தண்ணீர் வற்றுகிற சமயத்தில் ஒரு நாள் குறித்து, சுற்று வட்டாரத்து ஊர்கள் எல்லாம் மீன் மேல் கவிழ்த்து அமுக்குகிற அடியில்லாத ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் கொண்டு ஒரே நேரத்தில் இறங்கி மீன் பிடிப்பார்கள். அம்பலம் கரை மேல் நின்று வெள்ளைத் துண்டை உயர்த்தி வீசுவார். அதுவரை ஒரு குஞ்சுக்குக் கூடக் கால் நனையக் கூடாது. துண்டு எழும்பிவிட்டால் அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது.

"வேற நாளைக்கு மாத்தலாமே அண்ணே."

"பன்னெண்டு ஊருக்குத் தமுக்கு அடிச்சாச்சு. மாத்துனா என்னையத்தான் ஊத்தாவுல போட்டு அமுக்குவாய்ங்க." காசிமாயன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காட்டினார். "ஒண்ணு செய்வோம். காலையில மொதல்ல உங்க படகை ஓட்டிக் காட்டிருங்க. நீங்க கரை ஏறுனப்புறம் நான் துண்டை வீசுறேன். நான் வீசாம எவன் இறங்குறான்னு பாத்துருவோம்."

இருவருக்கும் பரம திருப்தி. வீசப் போகிற துண்டும் வெள்ளை, ஏற்றப் போகிற பாயும் வெள்ளை என்பது அந்த இரண்டு மூளைக்கும் எட்டவே இல்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை கேப்டன் வெல்பியும் ஹெட்மாஸ்டரும் காரில் வந்து இறங்கினார்கள். கேப்டன் நெட்டையாக, ஒடிசலாக, கைத்தடி ஊன்றி வந்தார். ஹெட்மாஸ்டர் அந்த வெயிலில் கோட்டு மாட்டியிருந்தார். கண்மாயைச் சுற்றிக் கரை தெரியாத அளவுக்கு ஜனம். இரண்டாயிரம் பேர் இருக்கும். ஆளுக்கொரு ஊத்தாவோடு, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு கால் முன்னே வைத்து, மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள்.

"இவர்களெல்லாம் யார்?" என்று கேட்டார் கேப்டன்.

"பயிற்சியில் ஆர்வம் உள்ளவர்கள்" என்றார் கிருபாகரன். பழக்க தோஷம்.

கேப்டன் நெகிழ்ந்துபோனார். எங்கள் வழக்கப்படி பயிற்சியாளர்தான் முதலில் பாய் ஏற்ற வேண்டும், தயவு செய்து ஏறுங்கள் என்று படகைக் கை காட்டினார். ஹெட்மாஸ்டர் பெருமையோடு தலையாட்டினார். கிருபாகரன் சுற்றிலும் பார்த்தார். ஓட வழியில்லை. பின்னால் ஹெட்மாஸ்டர், முன்னால் தண்ணீர், மற்ற பக்கமெல்லாம் ஊத்தா. மைக்கேல்ராஜ் கையைப் பிடித்து மெதுவாக ஏற்றிவிட்டான். வண்டிக்காரன் பலகையில் உட்கார்ந்ததும் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். மைக்கேல்ராஜ் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுத் தானும் தாவி ஏறினான்.

"அய்யா, கீழ பாக்காதீக. கண்ணை மூடிக்கிட்டுக் கயித்தை மட்டும் இழுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்று கிசுகிசுத்தாள், ஏற்கெனவே சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்த பாண்டியம்மாள்.

அவர் கண்ணை மூடினார். கர்த்தரை நினைத்துக்கொண்டு இழுத்தார். கித்தான் சரசரவென்று ஏறி, காலை வெயிலில் பளீரென்று விரிந்தது. பன்னிரண்டு ஊரும் அதைப் பார்த்தது.

யாரோ ஒருவன் "எறங்குங்கடா!" என்று அலறினான்.

"அடேய், நான் இன்னும் வீசலைடா! துண்டு என் கையில இருக்குடா!" என்று கத்திய காசிமாயனை அவர் மச்சினனே தள்ளிவிட்டுக்கொண்டு ஓடினான். நாலு பக்கமும் இருந்து இரண்டாயிரம் பேர் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். கண்மாய் கொதிக்கிற கொப்பரை மாதிரி ஆயிற்று. கெண்டையும் விராலும் துள்ளித் துள்ளி எழுந்தன. ஒரு விரால் படகுக்குள் விழுந்து ரைட்டரின் மடியில் வாலால் அடித்தது. என்னவென்று கண்ணைத் திறந்தவர் எழுந்து நின்றுவிட்டார். ஓடுகிற படகில் எழுந்து நிற்காதே என்பது அந்தப் புஸ்தகத்தின் முதல் பக்கத்து முதல் வரி.

தலைகுப்புற விழுந்தார்.

"ஐயையோ! காப்பாத்துங்க! எனக்கு நீச்சல் தெரியாது!" என்று அலறினார். கேப்டனுக்கும் புரிய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அதையே இங்கிலீஷிலும் ஒரு தடவை அலறினார். முங்கினார், எழுந்தார், பாசியைக் குடித்தார். ஏதோ ஒரு ஊர்க்காரர் பெரிய மீன் என்று எண்ணி அவர் தலையில் ஊத்தாவைக் கவிழ்த்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"எந்திரிங்கய்யா! இடுப்பளவுதான்!" என்று கத்தினாள் பாண்டியம்மாள்.

எழுந்து நின்றார். இடுப்பளவுதான்.

ஊத்தாவைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, சொட்டச் சொட்டக் கரை ஏறி வந்தார். ஹெட்மாஸ்டரின் முகம் வெளிறியிருந்தது. "கிருபாகரன், அந்தப் பாரத்தில் நீங்கள் எழுதினதில் எதுதான் நிஜம்?"

இந்தக் கட்டத்தையும் நிரப்பிவிடலாம். சகதியில் வழுக்கியது, பயிற்சியில் இதுவும் ஒரு பாடம், எதையாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதினப்போ ஒண்ணும் நிஜமில்லை ஐயா. படகு இல்லை, பையன்கள் இல்லை. அன்னைக்குத் தேதி இருபத்து நாலு, அதனால அப்படி எழுதினேன். எனக்குத் தண்ணின்னாலே பயம்" என்றார்.

"திங்கட்கிழமை சாவிக்கொத்தைக் கொடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். குரலை உயர்த்தக்கூட இல்லை. நம்பின மனுஷன், அவருக்கு நிஜமாகவே வலித்தது. கிருபாகரன் தலையைக் குனிந்துகொண்டார்.

கேப்டன் என்ன என்று விசாரித்தார். ஹெட்மாஸ்டர் வெட்கத்தோடு எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னார். கேப்டன் முதலில் மீசைக்குள் சிரித்தார். பிறகு கைத்தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பையிலிருந்து மடித்து வைத்திருந்த பாரத்தை எடுத்து விரித்துக்கொண்டே பேசினார். தென்ஜில்லாவில் அறுபது பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினோம். வாசற்படியில் அலையடிக்கிற பள்ளிக்கூடங்கள்கூட 'வசதி இல்லை' என்று எழுதின. கடலே இல்லாத ஊரிலிருந்து மட்டும் 'உண்டு, இருபத்து நான்கு, போதுமானவை' என்று வந்தது. அந்த மனுஷனின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்றுதான் காய்ச்சலோடு புறப்பட்டேன் என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இவர்களுக்காவது ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

மைக்கேல்ராஜ் காசிமாயனைப் பார்த்தான். மச்சினன் தள்ளிவிட்ட ஆத்திரம் காசிமாயனுக்கு இன்னும் ஆறவில்லை. அதையெல்லாம் சேர்த்துத் தொண்டையில் வைத்து ஒரு சத்தம் போட்டார்: "அடேய்! மீனு எங்கயும் ஓடிப் போகாது! ரைட்டரய்யா பிள்ளைகளுக்கு வழி விடுங்கடா! விலகாதவன் ஊத்தாவை மிதிச்சு நொறுக்கிப்புடுவேன்!"

இரண்டாயிரம் பேரும் ஊத்தாவைப் பிடித்தபடியே இரண்டு பக்கமாக விலகினார்கள். நடுவில் கண்மாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரு தெரு மாதிரி தண்ணீர் தெரிந்தது. படகு கிளம்பிற்று. பாண்டியம்மாள் ஓட்டினாள், அப்புறம் மைக்கேல்ராஜ், அப்புறம் ஒவ்வொருவராக. போய்த் திரும்பின படகிலிருந்து ஒருவர் இறங்க அடுத்தவர் ஏறினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஜனம் மீனை மறந்து பார்த்தது. துள்ளின மீன் ஒன்று கை எட்டும் தூரத்தில் போனபோதும் ஒருவரும் குனியவில்லை.

கேப்டன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கடைசிப் பிள்ளை இறங்கினதும் பாரத்தில் இருபத்து நான்கை அடித்துவிட்டு முப்பத்தொன்று என்று எழுதினார். 'பையன்கள்' என்பதைப் பார்த்து, பாண்டியம்மாளையும் பார்த்து, அதையும் அடித்துவிட்டு 'பிள்ளைகள்' என்று எழுதினார். ஹெட்மாஸ்டரிடம், "உங்கள் ரைட்டர் தப்பான கணக்கு எழுதியது உண்மை. ஏழு குறைத்து எழுதியிருக்கிறார்" என்றார்.

ஹெட்மாஸ்டர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "சாவிக்கொத்தை நீங்களே வச்சுக்குங்க" என்றார். "ஆனா இனிமே நீங்க எழுதுற ஒவ்வொரு பாரத்தையும் நான் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்." கிருபாகரன் கும்பிட்டார்.

காசிமாயன் இரண்டு கை நீளத்தில் ஒரு விராலைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். "என் துண்டுக்கு இனிமே மருவாதி இல்லை. அடுத்த வருசத்துல இருந்து அழிப்புக்கு நீங்கதான் பாய் ஏத்தணும், சொல்லிப்புட்டேன்" என்றார். அப்படியே ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கண்மாயில் மீன்பிடிப்புக்குத் துண்டு வீசியதே இல்லை.

அன்று மாலை ஆனிமேரி விரால் குழம்பு வைத்தாள். நடந்ததை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஊத்தா கவிழ்த்த இடத்தில் மட்டும் நான்காவது தடவையும் சொல்லச் சொன்னாள்.

அடுத்த ஜூலையில் சங்கத்திலிருந்து இன்னும் இரண்டு பாய்கள் வந்தன. கூடவே புதுப் பாரமும் வந்தது. எத்தனை பையன்கள், எத்தனை பெண் பிள்ளைகள், எத்தனை படகு என்று ஒவ்வொன்றையும் கிருபாகரன் எண்ணி எழுதினார். கடைசியில் கேப்டன் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார். 'பயிற்சியாளருக்கு நீச்சல் தெரியுமா?'

பேனாவை எடுத்தார், வைத்தார். மறுபடியும் எடுத்தார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் பாரத்தை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"அந்தப் பாரம் என்னாச்சு?" என்று ஆகஸ்டில் கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"கண்மாய்க்குத் தண்ணி வரட்டும் ஐயா" என்றார்.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. ஒரு சனிக்கிழமை காலை கிருபாகரன் சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகில் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கம் மைக்கேல்ராஜும் மறுபக்கம் காசிமாயனும் பிடித்துக்கொள்ளத் தண்ணீரில் இறங்கினார். வாய் ஓயாமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. பாண்டியம்மாள் படகில் உட்கார்ந்து, அவருடைய தகரக் குழலையே வாயில் வைத்துக் கத்தினாள்: "காலை ஆட்டுங்கய்யா! கட்டத்துல எழுதணும்ல!" மூன்றாவது வாரம் குடுக்கைகளை அவிழ்த்தார்கள். ஐந்தாவது வாரம் பிடித்த கைகளை விட்டார்கள்.

டிசம்பர் மாதம் பாரம் ஹெட்மாஸ்டர் மேஜைக்குப் போயிற்று. சொன்னபடியே அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். கடைசிக் கட்டத்தில் நின்றார். அதில், 'தெரியும். பன்னிரண்டு முழம் வரை' என்று எழுதியிருந்தது.

"அளந்து பாத்தீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பாண்டியம்மாள் கயிறு போட்டு அளந்தாள் ஐயா. பன்னிரண்டரை வந்தது. அரை முழம் காசிமாயன் தள்ளிவிட்டது. அதை எழுதலை."

ஹெட்மாஸ்டர் பேனாவை மையில் தோய்த்துக் கையெழுத்துப் போட்டார்.